எந்த 'ர' என்று கேட்காமல் வாங்கிய வண்டி

சித்தூரில் ஒரு விதைக்கடை வாசலில், வேப்பமரத்தடியில், அந்தப் பச்சை மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. பாசிப்பச்சை. பெட்ரோல் டாங்கில் ஒரு நெளிசல். பின்னால் உட்காரச் சின்னதாக ஒரு மெத்தை, அதன் தோலைக் கடைப் பூனை பிராண்டி வைத்திருந்தது. என் வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நான் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் பருத்த மனிதர், நல்ல மனிதர். பேச்சைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். இல்லையென்றால் தெலுங்குச் சொல்லுக்குத் தமிழ் வாலை ஒட்டிவிடுவார். சித்தூரில் பாதிப் பேர் அப்படித்தான், நாங்களும் அப்படித்தான்.

என் வீட்டுக்காரர் கேட்கவேண்டிய கேள்வியை வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். அவருடைய ஆபீசில் ஒருவரின் வண்டி மேடு ஏறும்போது சூடாகி, பிஸ்டன் இறுகி, ஓர் ஆட்டுமந்தைக்கு நடுவே நின்றுபோயிருந்தது. அன்றிலிருந்து சின்ன வண்டி என்றால் சூடு, சூடு என்றால் ஆபத்து என்று அவர் மனத்தில் பதிந்துவிட்டது.

"ரெண்டு பேர் குந்திக்கினு மேடு ஏறச்சொல்லோ எப்டிங்க?" என்றார்.

கடைக்காரர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "நான் பொய் சொல்லமாட்டேன் சாமி. ரெண்டு பேரோட மேடு ஏறினா ஆறிப்பூடும். ஒருத்தர்னா ஒண்ணும் ஆகாது."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். சூடானாலும் தானே ஆறிப்போகிற வண்டி! இதை விட்டால் வேறு எங்கே கிடைக்கும்? எங்கள் சிரிப்பைப் பார்த்துக் கடைக்காரர் குழம்பிப்போய், வெல்லம் போட்ட பானகம் வரவழைத்துக் கொடுத்தார். அவர் ஏன் குழம்பினார் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை.

குட்டையைத் தேடிப் போன கதை

வண்டி எதற்கு என்று சொல்லாமல் மேலே போகமுடியாது. நான் தமிழ் டீச்சர். சித்தூர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. கல்யாணமாகிப் புகுந்த வீடும் அதே டவுன். நடந்து போகிற தூரம். என்னைப்போல் கொடுத்துவைத்தவள் யார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சமயம் மாற்றல் உத்தரவு வந்தது.

ஆந்திர ராஜ்யம் புதிதாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று எல்லைப் பேச்சு நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பஸ்ஸில் ஏறினால் அதே பேச்சு, முடி வெட்டிக்கொள்ளப் போனவர்கள் பாதித் தலையோடு எழுந்து வாதம் செய்தார்கள். தமிழ் வாத்தியார்களை அங்கும் இங்கும் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கிடைத்த இடத்தின் பெயரைக் கேட்டபோது, "அதாம்மா, குட்ட ஸ்கூலு" என்றார் குமாஸ்தா.

குட்டை என்றால் எனக்குத் தெரிந்தது தண்ணீர்க் குட்டைதான். கரையோரம் பள்ளிக்கூடம், ஆலமரம், மத்தியானத்தில் குளிர்ந்த காற்று என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு, வேலையில் சேரும் முன் ஒரு தடவை பார்த்துவரப் போனேன். தெலுங்கில் குட்ட என்றால் குன்று. பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் வண்டிப்பாதையின் உச்சியில் என் பள்ளிக்கூடம் உட்கார்ந்திருந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது நெஞ்சு அடைத்துக்கொண்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகாவது இரண்டு பாஷைகளிலும் ஒரே மாதிரி ஒலிக்கிற சொற்களைக் கண்டு நான் பயந்திருக்க வேண்டும்.

அந்த ஊருக்கு ஒரே பஸ். அது வரும்போது பள்ளிக்கூடத்தில் முதல் பாடம் முடிந்திருக்கும். வேறு ஏதாவது வண்டியில் முன்னதாகக் கிளம்பலாம் என்றால் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவது விடிந்து வெகுநேரம் கழித்து. தண்ணீர் பிடித்து, சமைத்து, அதற்கு மேல்தான் நான் வாசற்படி தாண்ட முடியும்.

என் மாமனாருக்கு வெல்ல மண்டி. ஒல்லியான மனிதர், பேச்சும் அளவுதான். பக்கத்தில் வந்தாலே வெல்லப்பாகு வாசனை அடிக்கும், பேச்சில் மட்டும் அந்த இனிப்பு இருக்காது. மாற்றல் சேதி கேட்டதும் வேலையை விட்டுவிடச் சொன்னார். என் வீட்டுக்காரர்தான் மோட்டார் சைக்கிள் வாங்கி என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஆபீசுக்குத் திரும்புவதாகச் சொன்னார். அப்பாவிடம் அவ்வளவு நீளமாக அவர் பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

மாமனார் வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "தீவாளி வரைக்கும் பாப்பேன். ஒரு நாள் நீ மணிக்கு அப்பால போனன்னு என் காதுல வுழுந்துது, அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டு வூட்ல குந்து" என்றார்.

எனக்கு அந்த வேலை வேண்டும். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. வகுப்பில் நுழைந்தால் பிள்ளைகள் எழுந்து நிற்கும்போது என் முதுகு தானாக நிமிரும். அது வேறு எங்கேயும் எனக்கு நடப்பதில்லை.

பாகாலா வழியாக

ஒரே ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு வாங்குவதா என்று என் வீட்டுக்காரருக்கு அடுத்த கவலை. அவர் கத்தரிக்காய் வாங்கினாலும் இரண்டு கடை பார்ப்பார். திருப்பதியில் யாத்ரீகர்கள் தங்கும் விடுதி ஒன்றின் மேனேஜர் தன் வண்டியை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினோம்.

பாகாலாவில் ரயில் மாறினோம். கண்ணில் கரி விழுந்து எனக்கு ஒரு கண் சிவந்துபோயிற்று. எதிரில் இருந்த பெரியவர் ஒருவர் திருப்பதி யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று பெட்டி முழுக்கப் பங்கு போட்டுக்கொண்டு வந்தார். அவர் பங்கு போட்டுக்கொண்டே என்னிடமிருந்த புளிச்சோற்றையும் வாங்கிச் சாப்பிட்டார். அதில் மட்டும் எல்லைத் தகராறு செய்யவில்லை.

இந்த வண்டி சிவப்பு. மாதுளம்பழச் சிவப்பு. எங்கள் பச்சையைவிடக் கொஞ்சம் பெரிய இன்ஜின், கண்ணாடியாகப் பளபளக்கும் ஹாண்டில்பார், பின்னால் அகலமான நல்ல சீட். உதைத்தால் பச்சை 'புடு புடு' என்று சளி பிடித்தவரைப்போல் இருமும். சிவப்பு கணீரென்று பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் அலிபிரி சாலையில் என்னை ஏற்றிக்கொண்டு மலையடிவாரம் வரை போய் வந்தார். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகள் எங்களைத் திரும்பிப் பார்த்தன. அந்தச் சில நிமிஷம் நான் பள்ளிக்கூடம், மாமனார், தண்ணீர்க்குழாய் எல்லாவற்றையும் மறந்து சிரித்துக்கொண்டே இருந்தேன்.

இறங்கியதும் இவர் அதே கேள்வியைத் தெலுங்கில் கேட்டார். மேனேஜர் சுத்தமான தெலுங்குக்காரர், நேர்மையானவர். மேடு ஏறினால் வேடெக்கும், அதாவது சூடேறும், ஆனால் வண்டி நிற்காமல் ஏறிவிடும் என்று விவரமாகச் சொன்னார். இவர் காதில் சூடேறும் என்பதற்குப் பிறகு வந்தது எதுவும் விழவில்லை.

கூடத்தில் நடந்த விசாரணை

அன்று ராத்திரிச் சாப்பாட்டோடு ஆரம்பித்த ஒப்பிடல் பல நாள் ஓடியது. சிவப்புக்குச் சீட் நன்றாக இருக்கிறது, பச்சைக்கு இல்லை. சிவப்பின் சைலன்சர் நான் கால் தொங்கப்போடும் பக்கம் இருக்கிறது, புடவை கருகும். பச்சையில் அது மறுபக்கம். சிவப்பைக் கண்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அது நல்லதா கெட்டதா என்பதில் எங்களுக்குள் அபிப்பிராய பேதம். எனக்கு நல்லதாகத்தான் பட்டது.

என் நைனா, அதுதான் அப்பா, நகரியிலிருந்து வந்திருந்தார். தறிக்காரர். அவருக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் சிவப்புச் சாயம்தான் சீக்கிரம் வெளுக்கும் என்று அடித்துச் சொன்னார். இரும்புக்கும் அது பொருந்துமா என்று நான் கேட்டதற்குச் சாயம் சாயம்தான் என்றுவிட்டார்.

கடைசியில் எல்லா வாதமும் ஒரே இடத்தில் வந்து நின்றது. சிவப்பு சூடேறும், பச்சை ஆறிப்போகும். என் வீட்டுக்காரர் ஒரு நீதிபதியின் தோரணையோடு பச்சை என்று தீர்ப்புச் சொன்னார். மனசுக்குள் எனக்குச் சிவப்புமேல் ஆசை. ஆனால் வேலை பிழைக்கவேண்டுமே, வாயைத் திறக்கவில்லை.

காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் பச்சையை நிறுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டோம். சாமி கும்பிட வந்தவர்களெல்லாம் வண்டியையும் ஒரு சுற்றுச் சுற்றினார்கள்.

ஆறியதா, ஆரியதா?

வேலையில் சேர்ந்த முதல் நாள். சமதரையில் பச்சை பறந்தது. குன்றின் அடிவாரம் வந்தது. பாதை நிமிர்ந்தது. முதல் வளைவுக்கு முன்னாலேயே வண்டி விக்கியது, முனகியது, ஒரு பெருமூச்சு விட்டு நின்றுபோயிற்று. உதைத்தார், கிளம்பியது. நாலடி போய் மறுபடி நின்றது. மேலே மணி அடிக்கிற சத்தம் கேட்டது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாறைகள் மேல் ஏறி ஓடினேன்.

தலைமையாசிரியர் என் வியர்வையைப் பார்த்துவிட்டு நகர்ந்தார். அவருக்கு வெல்ல மண்டிப் பக்கம் போகிற பழக்கம் இல்லாததால் அன்று என் வேலை தப்பியது. அந்த வாரம் முழுக்க என் மாமியார் தண்ணீர் பிடித்து, மாமனார் கேட்டால் நான் பிடித்ததாகச் சொல்லி, என்னை முன்னதாக அனுப்பிவைத்தார். இடுப்புவலிக்காரர், அதை எத்தனை நாள் செய்யமுடியும்?

ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு விதைக்கடைக்குப் போனோம். என் வீட்டுக்காரர் கோபமாகப் பேசத் தெரியாதவர், இருந்தாலும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் முதலிலேயே சொன்னதாகச் சொன்னார். இவர், நீங்கள் ஆறிப்போகும் என்றல்லவா சொன்னீர்கள் என்றார். ஆமாம், அதைத்தானே சொன்னேன் என்றார் அவர்.

"வாங்க காணிப்பாக்கத்துக்கு. நான் சொன்னேன்னு அங்க வந்து சத்தியம் பண்றேன்" என்றார் கடைக்காரர். காணிப்பாக்கத்தில் பொய்ச்சத்தியம் செய்தவன் உருப்படமாட்டான் என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் பயம் உண்டு. இவரும் சத்தியம் செய்யத் தயார் என்றார். இருவரும் செய்திருந்தால் பிள்ளையாருக்கே சங்கடமாகப் போயிருக்கும், ஏனென்றால் இருவர் சொன்னதும் நிஜம்.

கடைக்காரர் மேசையிலிருந்த தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்து, எங்கள் முகத்துக்கு நேரே பிடித்து, ஊதி அணைத்தார். "இது இன்னா ஆச்சு?"

"அணைஞ்சிபோச்சு" என்றேன்.

"அதாம்மா. ஆரிப்போயிந்தி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெலுங்கில் விளக்கு அணைந்தால் ஆரிப்போவது. தமிழில் சூடு தணிந்தால் ஆறிப்போவது. முன்னதற்குச் சின்ன ர, பின்னதற்குப் பெரிய ற. வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவள் நான். ஆனால் எங்கள் பக்கத்துப் பேச்சில் எந்த ர என்று எந்தக் காதுக்குத் தெரியும்? அதிலும் அந்த மனிதர் தெலுங்குச் சொல்லுக்குத் தமிழ் வாலை ஒட்டிக் கொடுத்திருக்கிறார். மேடு ஏறினால் வண்டி அணைந்துவிடும் என்று அவர் மனச்சாட்சியோடு குறை சொல்ல, நாங்கள் பல்லைக் காட்டிச் சிரித்திருக்கிறோம்.

முதலில் சிரித்தது கடைக்காரர்தான். அவர் வயிறு குலுங்கியதைப் பார்த்து நான், என்னைப் பார்த்து இவர். குறையைச் சொன்னதும் சந்தோஷப்பட்ட ஆட்களை வாழ்க்கையில் பார்த்ததே இல்லை, அன்று ராத்திரி சம்சாரத்திடம்கூடச் சொன்னேன் என்றார் கடைக்காரர். வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் தயாராக இருந்தார்.

அப்போதுதான் எனக்கு அவர் சொன்ன மிச்சம் ஞாபகம் வந்தது. "ஒருத்தர்னா ஒண்ணும் ஆகாதுன்னீங்களே, அது எந்த பாஷைங்க?"

"அது ரெண்டு பாஷைலயும் ஒண்ணுதாம்மா."

மேலே போகவேண்டியவள்

வீட்டுக்குப் போகும் வழியில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அடிவாரம் வரை இருவரும் போவோம். அதற்கு மேல் ஒருவர்தான் போகமுடியும் என்றால், மேலே மணிக்குள் இருக்கவேண்டியவள் நான். நீங்கள் மட்டும் ஏறிப் போய் அங்கே என்ன செய்வீர்கள்?

அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். "பொடவை?" என்றார்.

"பொடவை என்னோடது. அத நான் பாத்துக்கறேன்."

நகரியில் அண்ணனின் சைக்கிளில் குரங்குப்பெடல் போட்டுத் தெருத்தெருவாகச் சுற்றியவள் நான். சாயங்காலங்களில் ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் வெளியில் பழகினேன். கிளட்சை விடும்போது வண்டி முயல்குட்டியாகத் துள்ளும். இரண்டு முறை கற்றாழைப் புதரில் போய் நின்றேன். மூன்றாவது தடவை விழும்போது அழுகைக்குப் பதில் சிரிப்பு வந்தது, அன்றே பழகிவிட்டது. லைசென்ஸ் இருந்ததா பாட்டி என்று என் பேத்தி கேட்கிறாள். அது பிற்பாடு வாங்கினேன், அந்த மேடும் மாட்டுவண்டிப் பாதைதான், போதுமா?

நான் தனியாக அந்த மேடு ஏறிய முதல் காலையை எப்படிச் சொல்ல? பச்சை இருமிக்கொண்டேதான் ஏறியது, ஆனால் நிற்கவில்லை. வளைவுக்கு வளைவு காற்று மாறியது. உச்சியில் பிள்ளைகள் மதில்மேல் ஏறி நின்று, "டீச்சரு! டீச்சரு பண்டி!" என்று, வண்டியைத் தெலுங்கில் சொல்லிக் கூவினார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே ஊர்வலம் அதுதான்.

அப்புறம் தினமும் அதுவே வழக்கம். அடிவாரத்தில் நான் முன்னால் மாறி உட்கார்ந்து ஏறிப்போவேன். அவர் பின்னால் நடந்து வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப்போய் ஆபீசைப் பிடிப்பார். அந்த வருஷம் அவருடைய சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. மணிக்குப் பிறகு நான் ஒரு நாளும் போகவில்லை.

மாமா வந்த காலை

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருந்தது. ஒரு நாள் காலையில் அடிவாரத்தில் மண்டி லாரி நின்றுகொண்டிருந்தது. பக்கத்துப் பாறையில் தோளில் துண்டோடு மாமனார் உட்கார்ந்திருந்தார். வெல்லம் எடுக்கப் போகிற லாரியில் ஏறி வந்திருக்கிறார். இங்கே நடக்கிற சேதி மண்டிவரை எட்டிவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

நாங்கள் இருவரும் வண்டியைவிட்டு இறங்கி நின்றோம்.

"இன்னாத்துக்கு இங்க எறங்கிட்டீங்க?" என்றார்.

"ரெண்டு பேரோட ஏறாது நைனா" என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டே.

"அப்போ யாரு ஏறறது?"

"நான்தான் மாமா" என்றேன்.

அவர் மேட்டை அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, "நான் ஹெட்மாஸ்டராண்ட ஒரு வார்த்தை பேசணும். ஏறு" என்று சொல்லிவிட்டுத் தானே பின்மெத்தையில் உட்கார்ந்துகொண்டார்.

தலைமையாசிரியரிடம் அவர் பேசப்போகும் வார்த்தை என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது. என் வேலைக்கு நானே சாரதியாக இருந்து முடிவுகட்டக் கூட்டிப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். மாமனார் எலும்பும் தோலுமாக இருந்ததால் பச்சை அவரையும் சுமந்து இரண்டு வளைவு ஏறியது. மூன்றாவதில் பெயர்ந்து கிடந்த கற்களில் சறுக்கி நின்றுபோயிற்று. மேலே முதல் மணி அடித்தது.

அவர் இறங்கினார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீ போம்மா. ரெண்டாவது மணிக்குள்ள போய்ச் சேரு. எனக்குக் காலு கீது, நடந்து வர்றேன்" என்றார். நான் உதைத்துக் கிளப்பியதும் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிக்கொடுத்தார். மகனைக்கூட அவர் அப்படித் தள்ளிவிட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாவது மணிக்கு நான் வகுப்பில் இருந்தேன். பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். பாடம் ஓடவில்லை. வெகுநேரம் கழித்து ஜன்னலுக்கு வெளியே அவருடைய மூச்சிரைப்புக் கேட்டது. தலைமையாசிரியர் தெலுங்கில் யார் நீங்கள் என்று விசாரித்தார்.

சித்தூர் டவுனில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. எங்கே போனாலும் என்னைத்தான் வெல்ல மண்டிக்காரர் மருமகள் என்று சொல்வார்கள். அதுதான் என் பெயர் என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

"நான் தமிழ் டீச்சரோட மாமனாருங்க" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "மூணாவது வளைவுல கல்லு பேந்து கெடக்குது. எங்க பொண்ணு வண்டி சறுக்குது. மண்டிலேர்ந்து ஆளுங்கள அனுப்பி மண்ணு கொட்டி சரி பண்ணட்டுங்களா? அதக் கேக்கத்தான் வந்தேன்."

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்ன எழுதுவதென்று தெரியாமல், அன்றைய கிழமையை எழுதினேன். அதுவும் தப்பு என்று பிள்ளைகள் சொன்னார்கள்.